பாட்டி வீட்டு நிலைக்கண்ணாடிக்கு மறுபடி ரசம் பூச வேண்டும்: வடசென்னையில் வழி இருக்கிறதா?

ராயபுரம்_பேரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு நிலைக்கண்ணாடி இருக்கிறது. தேக்குச் சட்டம், நாலடி உயரம், ஒன்றரை அடி அகலம், நாலு ஓரமும் பெவல் அடித்தது, அதாவது சரிவாகச் சீவியது. என் பாட்டியின் மாமியார் காலத்தில் வந்ததாம். வீட்டில் பெல்ஜியம் கண்ணாடி என்றே சொல்லிப் பழக்கம், ஆனால் முத்திரை எதுவும் கிடையாது. கீழ்ப்பாதியில் ரசம் போய்விட்டது. மேலேயும் அங்கங்கே மிளகு தூவிய மாதிரி கறுப்புப் புள்ளி.

இரண்டு கடைகளில் கேட்டேன். இரண்டிலும் ஒரே பதில்: "அதைத் தூக்கிப் போடுங்க சார், அதே அளவுக்குப் புதுசு வெட்டித் தரோம்."

எனக்குப் புதுசு வேண்டாம். அந்தக் கண்ணாடியின் நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய அலை ஓடும். சின்ன வயதில் அதன் எதிரில் நின்று தலையை ஆட்டினால் மூக்கு நீண்டு சுருங்கும். பாட்டி பொட்டு வைக்கும்போது முகம் அந்த அலைக்கு ஒரு விரல் மேலே வருகிற மாதிரி நிற்பார். அப்போதுதான் பொட்டு நேராக விழும் என்பார். இடது ஓரத்தில் அவர் கழற்றி ஒட்டி வைத்த ஸ்டிக்கர் பொட்டுகளின் பசைத் தடம் வரிசையாக இன்னும் இருக்கிறது.

அதே கண்ணாடிக்கு மறுபடி ரசம் பூச முடியுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

கொருக்குப்பேட்டை_வாசல்

முடியும். ஆனால் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று பார்த்துக் கொடுங்கள். நான் அம்மாவின் பீரோ கண்ணாடியை ஒரு பட்டறையில் கொடுத்தேன். வாங்கி வரும்போது பளபளவென்று இருந்தது. எட்டே மாதத்தில் ஓரத்திலிருந்து காப்பிக் கறை மாதிரி உள்ளே ஏறிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "உங்க வீட்டுச் சுவர்ல ஓதம்" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கே தப்பு நடந்தது என்று இன்றுவரை புரியவில்லை.

வண்ணை_ரசக்காரர்

தம்பி, அந்தக் கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருஷம் ரச வேலை பார்த்தவன். இப்போது கை நடுங்குகிறது, வேலையை விட்டுவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் சொல்கிற அலைதான் அந்தக் கண்ணாடியின் வயதைச் சொல்கிறது. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்கிற ஃப்ளோட் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் கம்பெனி 1959-இல்தான் அறிவித்தது. இன்றைக்குக் கடையில் கிடைப்பதெல்லாம் அந்த வகை, தட்டு மாதிரி சமமாக இருக்கும். அதற்கு முந்தைய முறைகளில் செய்த கண்ணாடியில்தான் இப்படி அலை வரும். அதை எந்தக் கடையிலும் புதுசாக வெட்டித் தர முடியாது.

வேலைக்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். முதலில், பின்பக்கப் பலகையைக் கழற்றி முதுகைப் பாருங்கள். செங்காவி மாதிரியோ சாம்பல் மாதிரியோ பெயிண்ட் பூச்சு இருக்கிறதா, அல்லது வெறும் உலோகம் பளிச்சென்று தெரிகிறதா? அடுத்தது, ஒரு வெள்ளைத் தாளை முன்பக்கத்தில் கண்ணாடியை ஒட்டிப் பிடியுங்கள். உள்ளே தெரிகிற தாள் லேசாக மஞ்சளடித்தால் வெள்ளி. நீலம் கலந்த சாம்பலாகத் தெரிந்தால் பாதரசம். பாதரசமாக இருந்தால் கையே வைக்காதீர்கள், எனக்குச் சொல்லுங்கள்.

கொருக்குப்பேட்டைத் தம்பிக்கு: சுவரில் ஓதம் இருந்திருக்கலாம். ஆனால் எட்டு மாதத்தில் போனதென்றால் செம்பு போடாமல் விட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. வெள்ளியின் முதுகில் ஒரு செம்புப் படலம், அதன் மேல் பெயிண்ட். இதுதான் சரியான வரிசை. நேரம் மிச்சம் பண்ண நினைக்கிறவர்கள் வெள்ளி மேலேயே பெயிண்ட் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிற அன்றைக்கு இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதனால் கொடுக்கும்போதே, "செம்பு போட்டதும் பெயிண்டுக்கு முன்னே எனக்குக் காட்டுங்க" என்று சொல்லிவிட வேண்டும். சம்மதிக்காத பட்டறை வேண்டாம்.

தண்டையார்பேட்டை_டீச்சர்

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறவள். ரசக்காரர் ஐயா சொன்ன தாள் சோதனையைத் தயவுசெய்து எல்லோரும் செய்யுங்கள்.

நாம் ரசம் என்று சொல்வதே பழைய முறையிலிருந்து வந்த பேச்சு. ரசம் என்றால் பாதரசம். அந்தக் காலத்தில் தகரத் தகட்டை விரித்து, அதன் மேல் பாதரசத்தைத் தேய்த்து, கண்ணாடியை வழுக்கிவிட்டு, பாரம் ஏற்றி வைத்து, மிஞ்சிய பாதரசம் வடிய வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். ஜெர்மனியில் ஃபூர்த் நகரத்துப் பட்டறைகளில் இந்த வேலை செய்தவர்கள் பல் ஆடி, கை நடுங்கி நோயாளியானார்கள். ஜெர்மன் வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் 1835-இல், ஆல்டிஹைடு என்கிற கரிமச் சேர்மம் வெள்ளி உப்பை வெள்ளியாக்கிக் கண்ணாடியில் படிய வைப்பதைக் கண்டார். 1850-களில் அதைக் கண்ணாடிப் பட்டறைக்கு ஏற்ற முறையாக்கினார். பாதரசம் போனாலும் பெயர் நம் வாயில் நின்றுவிட்டது.

பழைய பாதரசக் கண்ணாடியைச் சுரண்டினால் பாதரசம் வீட்டுக்குள் வரும். கீழ்ச் சட்டத்தில் குட்டிக் குட்டி உருண்டைகள் தேங்கியிருந்தால் துடைப்பத்தால் கூட்டவே கூடாது.

ராயபுரம்_பேரன்

ஐயா, டீச்சர், இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி நானும் தம்பியும் சேர்ந்து கழற்றினோம். பின்பக்கம் செங்காவி நிறம், அங்கங்கே செதில் செதிலாக உரிந்திருக்கிறது. தாள் மஞ்சளாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு தாளை வைத்து ஒப்பிட்டபோது சந்தேகமே இல்லை. கீழ்ச் சட்டத்தின் காடிக்குள் உருண்டை எதுவும் இல்லை, ஒரு கொண்டை ஊசியும் கொஞ்சம் உப்பு பூத்த மண்ணும் இருந்தன.

வெள்ளி என்றால் உரித்தால் காசு வரும் என்று மாமா சொல்கிறார். உண்மையா?

தண்டையார்பேட்டை_டீச்சர்

மாமாவிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். வெள்ளிப் படலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனம். ஒரு சதுர மீட்டருக்கு 1 கிராம்கூடத் தேறாது. உங்கள் கண்ணாடி 6 சதுர அடி, அதாவது சுமார் 0.56 சதுர மீட்டர். அரை கிராம் வெள்ளி இருந்தால் அதிகம். கால் மெட்டியில்கூட அதைவிட அதிகம் இருக்கும்.

வண்ணை_ரசக்காரர்

வெள்ளி என்று தெரிந்துவிட்டது, இனிப் பயமில்லை. வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பட்டறையில் பக்கத்தில் நின்று பார்க்க உதவும்.

முதலில் பழைய பெயிண்டைக் கரைத்து எடுப்பார்கள். அடியில் இருக்கிற செம்பும் வெள்ளியும் தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் போகும். பழுப்புப் புகை கிளம்பும், திறந்த இடத்தில்தான் செய்ய வேண்டும். இதை வீட்டில் முயற்சி பண்ண வேண்டாம். உரித்து முடித்ததும் கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சில பழைய கண்ணாடியில் கண்ணாடியே அரித்துப் பூத்துப் போயிருக்கும். கண்ணாடிக்கு மெருகேற்றுகிற சீரியம் பொடி போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் போகும், எல்லாம் போகாது. அதை அப்போதே பேசிவிடுங்கள்.

அப்புறம் கழுவுவது. என் முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ரச வேலையில் முக்கால்வாசி கழுவுகிற வேலை. கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்கக் கூடாது, பாய் விரித்த மாதிரி ஒரே படலமாக நிற்க வேண்டும். எங்கே முத்து நிற்கிறதோ அங்கே எண்ணெய் இருக்கிறது. ஒரு விரல் பட்டால் போதும், அந்த ரேகை வெள்ளியில் அப்படியே பதிந்து வரும். கழுவியதும் தகர உப்புத் தண்ணீரை ஊற்றி அலசுவோம். அது இல்லாமல் வெள்ளி பிடிக்காது.

மட்டம் பார்த்த மேஜையில் கண்ணாடியை முதுகு மேலாகப் படுக்க வைத்து, நாலு மூலையிலும் ஆப்பு கொடுத்து, வெள்ளிக் கரைசலையும் சர்க்கரைக் கரைசலையும் அந்த நிமிஷத்தில் கலந்து ஊற்றுவோம். தண்ணீர் மாதிரி இருந்தது டீ நிறமாகும், பிறகு கறுத்துச் சகதியாகும். பழக்கமில்லாதவர்கள் கெட்டுப்போச்சு என்று பதறுவார்கள். கை வைக்கக் கூடாது. சகதியை மெதுவாகச் சாய்த்து வழித்துக் கழுவினால் பட்டறைக் கூரையின் ஓடு ஒவ்வொன்றும் அதில் தெரியும். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த இடத்தில் எனக்குச் சலிப்பு வந்ததில்லை.

இப்போது இரட்டை மூக்குத் துப்பாக்கியில் தெளிக்கிறார்கள். வேகமாக முடியும், வெள்ளியும் குறைவாகச் செலவாகும். இரண்டுமே நல்ல முறைதான்.

சித்திரை, வைகாசி மதியத்தில் மட்டும் ஊற்ற வேண்டாம். சூட்டில் கரைசல் கண்ணாடியில் படிவதற்கு முன்னாலேயே சகதியாகிவிடும். நாங்கள் அந்த மாதங்களில் விடியற்காலையில்தான் ஊற்றுவோம்.

தண்டையார்பேட்டை_டீச்சர்

ஐயா சொன்ன "அந்த நிமிஷத்தில் கலந்து" என்பதை நான் அடிக்கோடிடுகிறேன். அம்மோனியா சேர்த்த வெள்ளிக் கரைசலைப் பாட்டிலில் மூடி வைக்கவே கூடாது. நின்றால் அதில் வெடிக்கும் பொருள் உருவாகும். காய்ந்துபோனால் தொட்டாலே வெடிக்கும். மிச்சமானதை அன்றைக்கே உப்போ ஹைட்ரோகுளோரிக் அமிலமோ விட்டு வெள்ளி குளோரைடாக இறக்கிவிட வேண்டும். சாக்கடையில் கொட்டக் கூடாது, நீரில் வாழ்கிற உயிர்களுக்கு வெள்ளி நஞ்சு. இறங்கின குளோரைடிலிருந்து வெள்ளியைத் திரும்ப எடுக்கவும் முடியும்.

நைனியப்ப நாயக்கன் தெருவில் மருந்து வாங்கி வந்து வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பதால் சொல்கிறேன். சோதனைக் குழாயில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, சரி. வீட்டில் வேண்டாம்.

தண்ணீர் பற்றியும் ஒன்று. எங்கள் தெரு போர் தண்ணீரை ஒரு கிளாஸில் பிடித்து அதில் சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த இடத்தில் பால் திரிந்த மாதிரி வெள்ளை இறங்கியது. அத்தனையும் உப்பு. அந்தத் தண்ணீரில் கடைசி அலசல் அலசினால் வெள்ளி எப்படிப் பிடிக்கும்? பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரையும் இப்படிச் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு சொட்டு விட்டும் தெளிவாகவே நின்றால் நல்ல தண்ணீர். விரலில் பட்டால் கறுக்கும், சோப்புக்குப் போகாது, தோல் உரியும்வரை இருக்கும். கையுறை போடுங்கள்.

பெரம்பூர்_மொட்டைமாடி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் கதையும் ரசக் கதைதான். தொலைநோக்கிக்காக 6 அங்குலக் குழியாடி ஒன்றை நானே மொட்டைமாடியில் நான்கு மாதம் தேய்த்துச் செய்தேன். ஒரு கண்ணாடிப் பட்டறையில் கொடுத்து ரசம் பூசித் தரச் சொன்னேன். அழகாகப் பூசி, வழக்கம்போல வெள்ளியின் மேல் சிவப்பு பெயிண்டும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்! அவர்கள் மேல் தப்பில்லை. முகம் பார்க்கிற கண்ணாடிக்கு வெள்ளி முதுகில். தொலைநோக்கிக்கு வெள்ளி முகத்தில், வெளிச்சம் கண்ணாடிக்குள் போகவே கூடாது. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

எந்த வகை என்று பார்க்க எளிய வழி: பென்சில் முனையைக் கண்ணாடியில் தொட்டுப் பிடியுங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பூச்சு பின்பக்கம். இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் முன்பக்கம். பின்பக்கப் பூச்சில் கண்ணாடியின் மேல்தோலும் 4 சதவீதம் அளவுக்குத் தனியாகப் பிரதிபலிக்கும். முகம் பார்க்கும்போது அது தெரியாது. நிலாவைப் பார்த்தால் பக்கத்தில் இன்னொரு மங்கல் நிலா நிற்கும்.

பெயிண்டைக் கரைத்து மறுபடி வெள்ளி மட்டும் போட்டேன். அன்றிரவு சனியின் வளையம் தெரிந்த தெளிவை இன்னும் மறக்கவில்லை. புது வெள்ளி 95 சதவீதத்துக்கு மேல் வெளிச்சத்தைத் திருப்பும், அலுமினியம் 90-ஐ ஒட்டித்தான். தொலைநோக்கியில் இரண்டு ஆடி என்பதால் வித்தியாசம் கூடும்: அலுமினியம் என்றால் 81, வெள்ளி என்றால் 90-க்கு மேல். ஆனால் மூடியே வைத்திருந்தும் ஐந்தாவது மாதத்தில் மஞ்சளடித்து, மழைக்காலம் முடிவதற்குள் கறுத்துவிட்டது.

தண்டையார்பேட்டை_டீச்சர்

கறுக்கத்தான் செய்யும். வெள்ளிக்கு எதிரி ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டை நாற்றம் வருமே, அது. பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் வைத்த கொலுசே கறுக்கிற ஊரில் திறந்த வெள்ளி ஆடி எத்தனை நாள் தாங்கும்?

பெரம்பூர்_மொட்டைமாடி

அதனால்தான் கடைசியில் அலுமினியத்துக்கு மாறினேன். காற்றை முழுக்க உறிஞ்சின கலத்துக்குள் அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கிப் படிய வைக்கிற முறை. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் ஸ்ட்ராங் 1930-களில் இதைத் தொலைநோக்கிகளுக்குக் கொண்டுவந்தார். அங்கே மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குல ஆடிக்கே 1935-இல் வெள்ளியை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டார்கள். நம் காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் ஆடிக்கும் அலுமினியப் பூச்சுதான். அலுமினியத்தின் மேல் தானாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு தோல் உருவாகி அதைக் காக்கும், மேலே ஒரு சிலிக்கா பூச்சும் போட்டால் வருஷக்கணக்கில் தாங்கும். பேரன் அண்ணனின் நிலைக்கண்ணாடிக்கு இது தேவையில்லை. முதுகில் செம்பும் பெயிண்டும் காப்பதால் அங்கே வெள்ளிதான் அழகு.

திருவொற்றியூர்_ஹெட்லைட்

அப்பாவின் பழைய ஜீப்பை ஓட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். ஹெட்லைட் உள்கிண்ணம் மங்கிவிட்டது. குரோம் முலாம் போட்டால் நன்றாகப் பளபளக்கும் என்கிறார்கள். போடலாமா?

வண்ணை_ரசக்காரர்

போடாதீர்கள் தம்பி. பார்க்கத்தான் குரோம் பளபளப்பு, வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ராத்திரி எண்ணூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே போகிற வண்டிக்கு அது ஆகாது. பித்தளைக் கிண்ணமாக இருந்தால் வெள்ளி முலாம், இல்லையென்றால் பெரம்பூர் தம்பி சொன்ன அலுமினியம். எதுவானாலும் பஃப் சக்கரத்தில் கொடுத்து அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். கிண்ணத்தின் வளைவு கெட்டால் வெளிச்சம் ஒரு இடத்தில் சேராது, எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். உள்ளே விரல் வைக்காதீர்கள்.

ராயபுரம்_பேரன்

வேலை முடிந்தது. தேவராஜ முதலி தெருவில் பெவல் அடிக்கிற ஒருவரிடம் விசாரித்ததில் ஒரு பட்டறைக்கு வழி சொன்னார். கேட்டபடியே, பெயிண்டுக்கு முன்னால் கூப்பிட்டுச் செம்பைக் காட்டினார்கள். முதுகு முழுக்கப் புது செப்புக் குடம் மாதிரி இருந்தது. செலவு புதுக் கண்ணாடியைப் போல மூன்று பங்கு ஆனது. எனக்குக் குறையில்லை.

ஐயா சொன்ன மாதிரி கீழ் மூலையில் கண்ணாடி பூத்திருந்தது. தேய்த்தும் உள்ளங்கை அளவுக்கு ஒரு மூட்டம் நிற்கிறது. அதை அப்படியே விடச் சொல்லிவிட்டேன். அலை அதே இடத்தில் இருக்கிறது. முன்பக்கப் பொட்டுப் பசையை மட்டும் கழுவும்போது எடுத்துவிட்டார்கள். முன்பே சொல்லாமல் விட்டேன், அது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

இனி மாட்டுவதில் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

வண்ணை_ரசக்காரர்

உண்டு. முதல் தடவை ரசம் போனதே கீழ்ச் சட்டத்தில் தேங்கின ஈரத்தால்தான். துடைக்கிற தண்ணீர் வழிந்து காடிக்குள் இறங்கி, ஓரத்திலிருந்து வெள்ளியைத் தின்னும். அதனால் மாட்டுவதற்கு முன் நாலு ஓரத்திலும் பெயிண்ட் ஒரு கை ஓட்டச் சொல்லுங்கள். கண்ணாடி சட்டத்தில் நேராக உட்காரக் கூடாது, கீழே இரண்டு ரப்பர் துண்டு வையுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நாலு மூலையிலும் தக்கை வைத்து ஒரு விரல் இடைவெளி விடுங்கள், காற்று போகட்டும். ஒட்டுகிற சிலிக்கான் வினிகர் வாசம் அடித்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், அந்த அமிலம் பெயிண்டைத் தாண்டிப் போய் ரசத்தைக் கெடுக்கும். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடியில் வேண்டாம்.

ராயபுரம்_பேரன்

தக்கைக்குக் காசிமேட்டில் பழைய வலை மிதவை ஒன்று வாங்கி நாலாக அறுத்து வைத்துவிட்டேன் ஐயா. ரப்பரும் வைத்தாயிற்று. ஓரத்துக்கு இரண்டு கை பெயிண்ட் ஓட்டினார்கள்.

கொருக்குப்பேட்டை_வாசல்

அண்ணே, பீரோ கண்ணாடியை நானும் கழற்றி வைத்துவிட்டேன். அந்தப் பட்டறைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போக முடியுமா?

ராயபுரம்_பேரன்

ஞாயிறு அவர்களுக்கு லீவு தம்பி. சனிக்கிழமை காலை ஆறு மணிக்குள் மின்ட் பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்துவிடுங்கள். வெயில் ஏறுவதற்குள் ஊற்றிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்க்கலாம். கண்ணாடியைப் படுக்கப் போடாமல் நிறுத்தி, இரண்டு பக்கமும் போர்வை சுற்றி எடுத்து வாருங்கள்.